முதுகெலும்பற்ற விலங்குகளை இன்று எப்படிப் பிரிக்கிறோம்?

கேள்வி இது: "பள்ளியில் உடற்குழி அற்றவை, பொய் உடற்குழி உடையவை, உண்மை உடற்குழி உடையவை என்ற வரிசையில் விலங்குத் தொகுதிகளை மனப்பாடம் செய்தேன். ஆசிரியர் தேர்வுக்காக இப்போது படிக்கும் நூல்களில் எக்டைசோசோவா, லோஃபோட்ரோகோசோவா என்று வேறு பிரிவுகள் வருகின்றன. உருளைப்புழு மண்புழுவுக்கு உறவில்லை, பூச்சிக்குத்தான் உறவு என்கிறார்கள். எது சரி? முதுகெலும்பற்ற விலங்குகளில் மொத்தம் எத்தனை தொகுதிகள்?"

முதலில் சுருக்கமான விடை. நீங்கள் பள்ளியில் படித்தது உடலமைப்பு பற்றிய வர்ணனை; இப்போது படிப்பது உறவுமுறை. உடற்குழி, அதாவது குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையிலான வெற்றிடம், இருக்கிறதா இல்லையா என்பது ஒரு விலங்கைப் பற்றிய உண்மையான செய்திதான், ஆனால் அதை வைத்து யாருக்கு யார் நெருங்கிய உறவு என்று முடிவு செய்ததுதான் தவறாகப் போயிற்று. இது ஏன் அப்படி ஆனது என்பது புரிந்துவிட்டால் புதிய பெயர்களை மனப்பாடம் செய்யும் சுமை பாதி குறைந்துவிடும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"முதுகெலும்பற்றவை" என்ற தலைப்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. இல்லாத ஓர் உறுப்பைக் கொண்டு உருவாக்கிய கூட்டம் இது. உலக மொழிகளைத் தமிழ், தமிழ் அல்லாதவை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பெட்டியில் மலையாளத்தையும் சீனத்தையும் ஒன்றாகப் போட்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட விலங்குச் சிற்றினங்களில் முதுகெலும்பு உடையவை 70,000 சொச்சம். பூச்சிகள் மட்டுமே ஏறத்தாழ 10 லட்சம்; அவற்றிலும் வண்டினங்கள் மட்டும் 4 லட்சத்தை நெருங்குகின்றன. ஆக, விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவற்றை "எலும்பில்லாதவை" என்ற ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறோம். அளவைக் காட்டிலும் பெரிய குறை உறவில் இருக்கிறது. நட்சத்திர மீன் நத்தையைவிட நமக்கு நெருங்கிய உறவு. துறைமுகத் தூண்களில் பை போல ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீய்ச்சும் கடற்பீச்சிகள் நட்சத்திர மீனைவிடவும் நெருக்கம். 1866இல் ருஷ்ய விலங்கியலாளர் கோவலெவ்ஸ்கி இந்தக் கடற்பீச்சியின் இளவுயிரியை ஆராய்ந்தபோது அதன் வாலில், முதுகெலும்புக்கு முன்னோடியான முதுகுநாண் ஓடுவதைக் கண்டார். அதுவரை அதை மெல்லுடலிகளோடு சேர்த்துப் பேசிவந்தார்கள். இன்று அது மனிதன் இருக்கும் முதுகுநாணிகள் தொகுதியிலேயே இருக்கிறது. ஆயினும் முதுகெலும்பு கிடையாது. அதாவது "முதுகெலும்பற்றவை" என்ற கோடு ஒரு தொகுதியின் நடுவிலேயே குறுக்கே போகிறது. வசதிக்காக வைத்துக்கொண்ட பெயர் என்ற அளவில் அதைப் பயன்படுத்தலாம். இயற்கையான பிரிவு என்று எண்ணக் கூடாது.

இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லமார்க். அவர் தாவரவியலாளராக அறியப்பட்டவர். 1793இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் திருத்தியமைக்கப்பட்டபோது, பூச்சிகளுக்கும் புழுக்களுக்குமான பேராசிரியர் பதவி ஏறத்தாழ ஐம்பது வயதில் அவருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் 1758இல் லின்னேயஸ் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருந்தார். பாலூட்டிகள், பறவைகள், நீர்நில வாழ்வன, மீன்கள் என்று நான்கு போக, எஞ்சிய உலகம் முழுவதற்கும் இரண்டே வகுப்புகள்: பூச்சிகள், புழுக்கள். பூச்சி வகுப்பில் நண்டும் தேளும் பூரானும் இருந்தன. புழு வகுப்பில் நத்தை, பவளம், நட்சத்திர மீன் ஆகியவற்றோடு, முதுகெலும்பிகளோடு சேர வேண்டிய ஹேக் மீனும் கிடந்தது. லமார்க் அந்தக் குவியலைக் கிளறி ஓட்டுடலிகளையும் சிலந்தி இனத்தையும் பூச்சிகளிலிருந்து பிரித்தார். மண்புழு, அட்டை போன்ற வளைதசைப்புழுக்களை மற்றப் புழுக்களிடமிருந்து பிரித்தார். பரிணாமத்தைப் பற்றிய அவருடைய கருத்துகளுக்காக அவரைப் பகடி செய்வது வழக்கமாகிவிட்டது. வகைப்பாட்டில் அவர் செய்த இந்த உழைப்பை எண்ணினால் அந்தப் பகடி அநியாயம் என்றே தோன்றுகிறது.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே அரிஸ்டாட்டில் இவற்றைச் செங்குருதி அற்றவை என்று தனியே வைத்து நான்காகப் பிரித்திருந்தார். தொல்காப்பிய மரபியல் புலன்களின் எண்ணிக்கையை அளவுகோலாக எடுத்துக்கொண்டு நத்தையினத்துக்கு இரண்டறிவு, கரையானுக்கும் எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு என்று வரிசைப்படுத்துகிறது. இவை உறவுமுறைப் பட்டியல்கள் அல்ல; அந்த நோக்கத்தோடு செய்யப்பட்டவையும் அல்ல. ஆனால் எந்தப் பண்பை அளவுகோலாக எடுக்கிறோமோ அதற்கேற்பக் கூட்டங்கள் மாறும் என்பதற்கு நல்ல சான்றுகள்.

பள்ளியில் நீங்கள் படித்த அளவுகோல் மூன்று படிகளால் ஆனது. முதல் படி சமச்சீர்: ஜெல்லிமீன் போல ஆரச் சமச்சீரா, மண்புழு போல இருபக்கச் சமச்சீரா. இரண்டாவது, கருவில் உறுப்புகள் உருவாகும் அடுக்குகளான கருப்படலங்கள்: இரண்டா மூன்றா. மூன்றாவது உடற்குழி: குடலுக்கும் உடற்சுவருக்கும் இடையில் இடைவெளியே இல்லையென்றால் தட்டைப்புழு, இடைவெளி இருந்தும் அது நடுப்படலத்தால் முழுமையாகச் சூழப்படவில்லை என்றால் உருளைப்புழு, முழுமையாகச் சூழப்பட்டிருந்தால் வளைதசைப்புழு, மெல்லுடலி, கணுக்காலி, முட்தோலி. இந்த ஏணியை உலகெங்கும் வகுப்பறைகளுக்குக் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு அமெரிக்க விலங்கியலாளர் லிபி ஹைமனுடையது. 1940 முதல் 1967 வரை ஆறு பாகங்களாக முதுகெலும்பற்றவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூலுக்கு ஈடான தனிமனித முயற்சி அந்தத் துறையில் அதன்பின் வரவில்லை. அவருடைய உடற்கூற்று வர்ணனைகள் இன்றும் நம்பத்தக்கவை. பிழை ஏணியில் இருந்தது: எளிமையானது பழையது, சிக்கலானது புதியது என்ற ஊகத்தில்.

ஊகம் எங்கே இடிக்கிறது என்று பார்க்க, விலங்கியல் ஆய்வகத்தில் மெழுகுத் தட்டில் வைத்து அறுக்கும் கரப்பான் பூச்சியே போதும். முதுகுப் பக்கத் தகடுகளை அகற்றியதும் குடலும் வெண்ணிறக் கொழுப்புத் திசுவும் ஒரு திரவத்தில் மிதப்பதைக் காணலாம். அந்த வெளி உண்மை உடற்குழி அல்ல; குருதிக்குழி. உண்மை உடற்குழி கருவளர்ச்சியின்போது தோன்றிப் பிறகு சுருங்கி, இனப்பெருக்க உறுப்புகளை ஒட்டிய சிறு பகுதியாக மட்டும் எஞ்சுகிறது. ஆனாலும் கரப்பானை "உண்மை உடற்குழி உடையது" என்றுதான் எழுதினோம். உடற்குழி தோன்றவும் செய்யும், சுருங்கவும் செய்யும், முற்றிலும் மறையவும் செய்யும் என்றால், அதை வைத்து யார் முன்னோர் என்று சொல்ல முடியாது. தட்டைப்புழுக்களுக்கு உடற்குழி இல்லாததை ஆதிநிலையின் அடையாளம் என்று இன்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவை மரபணுச் சான்றுகளின்படி நத்தை, மண்புழு ஆகியவற்றின் கூட்டத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டன.

இன்னொரு பழைய அளவுகோலும் உண்டு. 1908இல் கார்ல் குரோபென் பெயரிட்ட புரோட்டோஸ்டோமியா, டியூட்டிரோஸ்டோமியா என்ற பிரிவு அது. கருவில் முதலில் தோன்றும் துளை வாயாக மாறினால் முன்னது, மலவாயாக மாறினால் பின்னது என்று படித்திருப்பீர்கள். பிரிவு இன்றும் பெருமளவு நிற்கிறது. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பிரையாபுலிட் என்ற கடற்புழு எல்லாச் சான்றுகளின்படியும் புரோட்டோஸ்டோம். அதன் கருத்துளை இருக்கும் இடத்திலோ மலவாய்தான் உருவாகிறது. பெயரின் பொருளைப் பிடித்துக்கொண்டு வகைப்படுத்தினால் இந்த இடத்தில் வழுக்கி விழுவோம்.

இனி 1997க்கு வருவோம். அந்த ஆண்டு நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ரைபோசோமின் 18எஸ் ஆர்.என்.ஏ. மரபணு வரிசையை ஒப்பிட்டு, கணுக்காலிகளும் உருளைப்புழுக்களும் ஒரே கூட்டம் என்று அறிவித்து அதற்கு எக்டைசோசோவா என்று பெயரிட்டது. அதற்கு முன்பும் இதே மரபணுவை ஒப்பிட்டிருந்தார்கள். ஆனால் உருளைப்புழுக்கள் எப்போதும் மரத்தின் அடிப்பகுதியில் போய் விழுந்தன. காரணம், ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழுவின் மரபணுக்கள் மிக வேகமாக மாறியவை. இவ்வாறு வேகமாக மாறிய வரிசைகள் உறவு இல்லாதபோதும் மற்ற நீண்ட கிளைகளோடு ஒட்டிக்கொள்ளும் கோளாறு உண்டு. 1997 ஆய்வாளர்கள் மெதுவாக மாறிய வரிசையுள்ள உருளைப்புழுவைத் தேடி, பன்றி இறைச்சி வழியே மனிதருக்குத் தொற்றும் டிரைக்கினெல்லாவைச் சேர்த்தார்கள். உடனே உருளைப்புழுக்கள் பூச்சிகளுக்குப் பக்கத்தில் வந்தன. கூட்டத்துக்கு வைத்த பெயர் தோலுரித்தலைக் குறிப்பது. கணுக்காலிகள் வளர்வதற்குத் தோலுரிக்கின்றன, உருளைப்புழுவும் தன் வாழ்நாளில் நான்கு முறை தோலுரிக்கிறது, மண்புழு உரிப்பதில்லை. இந்தப் பண்பு கண்ணெதிரே இருந்தும் உடற்கண்டங்களின் ஒற்றுமை எல்லோரையும் மயக்கிவிட்டது. மண்புழுவும் பூரானும் கண்டம் கண்டமாக இருப்பதைக் கண்டு 1812லேயே பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே இரண்டையும் ஒரே பிரிவில் வைத்திருந்தார். அந்தக் கூட்டணி கிட்டத்தட்ட 185 ஆண்டுகள் நீடித்துக் கலைந்தது.

ஆகவே இன்றைய படம் இப்படி இருக்கிறது. இருபக்கச் சமச்சீர் உடையவற்றில் பெரும்பாலானவை மூன்று பெருங்கிளைகளில் அடங்கும்: எக்டைசோசோவா, லோஃபோட்ரோகோசோவாவை (நத்தை, மண்புழு ஆகியவற்றின் கூட்டம்) உள்ளடக்கிய ஸ்பைரேலியா, டியூட்டிரோஸ்டோமியா. இந்த மூன்றுக்கும் வெளியே, அடிப்பகுதியில், கடற்பஞ்சுகள், சீப்பு ஜெல்லிகள், குழியுடலிகள் ஆகியவை நிற்கின்றன. உங்கள் பழைய பட்டியலில் இருந்த அஸ்கெல்மின்தஸ் என்ற பொய் உடற்குழிக் கூட்டம் இரண்டாகச் சிதறிவிட்டது: உருளைப்புழுக்கள் எக்டைசோசோவாவுக்கும், ரோட்டிஃபர்கள் என்னும் நுண்ணிய நீர்வாழ் விலங்குகள் ஸ்பைரேலியாவுக்கும் போயின.

ஸ்பைரேலியாவின் பெயர்க்காரணத்தைப் பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் நமக்குத் தெரிந்த ஒரு பொருளின் விளக்கமும் அதில் இருக்கிறது. நத்தையின் கரு நான்கு செல்களிலிருந்து எட்டுச் செல்லாகும்போது, மேலே உருவாகும் நான்கு சிறு செல்களும் கீழே உள்ள நான்கின் நேர் மேலே அமராமல் ஒரு பக்கமாகத் திரும்பி, இடுக்குகளில் போய் அமர்கின்றன. இதுவே சுருள் பிளவு. வளைதசைப்புழுக்களிலும் பல தட்டைப்புழுக்களிலும் இதே முறையைக் காணலாம். இனி வேடிக்கை: அந்தச் செல்கள் எந்தப் பக்கம் திரும்பின என்பதைப் பொறுத்தே பிற்காலத்தில் ஓடு எந்தப் பக்கம் சுருளும் என்பது அமைகிறது. குளத்து நத்தைகளை வைத்து 1923இல் கண்டறிந்தபடி, சுருளின் திசையைத் தீர்மானிப்பது குஞ்சின் சொந்த மரபணு அல்ல, தாயின் மரபணு. தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பும் பொருள்தான் முதல் பிளவுகளை நடத்துகிறது. 2019இல் ஜப்பானில் ஒரே ஒரு மரபணுவை முடக்கி, வழக்கமான சுருளுள்ள நத்தையினத்தில் எதிர்ச்சுருள் நத்தைகளை உருவாக்கிக் காட்டினார்கள். தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்குகளில் அரிதாகச் சுருள் திசை மாறிப் பிறப்பதைத்தான் வலம்புரி என்று போற்றிப் பெரும் விலை கொடுக்கிறோம். நத்தைகளில் கண்டதை வைத்துப் பார்த்தால், அந்த வேறுபாடும் எட்டுச் செல் பருவத்திலேயே, ஓடு என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகு முன்பே, முடிவாகியிருக்க வேண்டும்.

மெல்லுடலிகளில் புறத்தோற்றம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மீன் சந்தையைவிட நல்ல இடம் இல்லை. ஓட்டுக் கணவாயை அறுத்தால் முதுகுப் பக்கத்தில் வெண்மையான, எடையே இல்லாத சுண்ணாம்பு ஓடு கிடைக்கும். ஊசிக் கணவாயில் அதே இடத்தில் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய தண்டு ஒன்று உருவி வரும். பேய்க்கணவாயில் பெரும்பாலும் ஒன்றுமே இராது. மூன்றும் தலைக்காலிகள் என்ற ஒரே வகுப்பு. ஓடு உள்ளே போய், மெலிந்து, இறுதியில் மறைந்த கதையை ஒரே பலகையில் வரிசையாக வைத்துப் பார்த்துவிடலாம். தலையை அறுத்துக் கிளி மூக்கு போன்ற கருநிறத் தாடையைப் பிரித்தால் உள்ளே நுண்பற்கள் வரிசையாகப் பதிந்த நாக்குப் பட்டை இருக்கிறது. ராடுலா எனப்படும் இந்த உறுப்பு நத்தைக்கும் உண்டு. விலங்குலகில் மெல்லுடலிகளுக்கு மட்டுமே உரியது. சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பதால் அதை இழந்துவிட்டன. தலையையும் சேர்த்தே இழந்துவிட்டன. ஒரு பண்பு இல்லாததை வைத்து வகைப்படுத்துவதில் உள்ள ஆபத்து இதுதான்: ஒருபோதும் இல்லாமலிருப்பதும், இருந்து தொலைந்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். தலைக்காலிகளின் முட்டையில் கருவூண் மிகுதி என்பதால் சுருள் பிளவுகூட அவற்றில் மறைந்துவிட்டது. ஆனாலும் அவை ஸ்பைரேலியாவே.

வளைதசைப்புழுக்களைப் பற்றி ஒரு வரி. பல்முட்புழுக்கள், சில்முட்புழுக்கள் (மண்புழு இனம்), அட்டைகள் என்று மூன்று வகுப்புகளாகப் படித்த பிரிவு இப்போது செல்லாது. அட்டைகள் மண்புழுக் கிளைக்குள்ளிருந்து தோன்றியவை. மண்புழுக் கிளையோ பல்முட்புழுக்களுக்குள்ளிருந்து தோன்றியது. முன்பு தனித் தொகுதிகளாக இருந்த எக்கியூரா, சைபன்குலா என்னும் கடற்புழுக்களும் இதற்குள் வந்துவிட்டன. இந்தப் பழைய மூன்று வகுப்புகள் பாடநூல்களில் இன்னும் தொடர்வதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எக்டைசோசோவாவில் கணுக்காலிகள்தாம் பெரும்பகுதி. மூட்டுள்ள கால்கள், கைட்டின் புறச்சட்டகம், உடற்கண்டங்கள் குழுக்களாகச் சேர்தல் ஆகியவை அடையாளங்கள். உள்ளே நான்கு கூட்டங்கள்: உணர்கொம்பு இல்லாமல் வாய்முன் கவ்விகளோடு இருக்கும் சிலந்தி, தேள் இனம், பூரான், மரவட்டை இனம், ஓட்டுடலிகள், ஆறுகாலிகள். பூரானையும் மரவட்டையையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒரு கண்டத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் போதும். பூரானில் கண்டத்துக்கு ஒரு சோடிக் கால்கள். மரவட்டையில் வெளியே ஒன்றாகத் தெரியும் வளையம் இரண்டு கண்டங்கள் இணைந்தது என்பதால் பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடி. கால்களை எண்ணுவதிலும் எச்சரிக்கை வேண்டும். முதல் மழைக்குப் பின் மண்ணில் ஊரும் சிவந்த வெல்வெட் பூச்சி சிலந்தி இனத்தைச் சேர்ந்த உண்ணி வகை. முதிர்ந்ததற்கு எட்டுக் கால், ஆனால் முட்டையிலிருந்து வந்த இளவுயிரிக்கு ஆறே கால். எண்ணிப் பார்த்துப் பூச்சி என்று எழுதியவரைக் குறை சொல்ல முடியாது.

இந்த நான்கு கூட்டங்களிலும் பழைய எல்லைகள் கலைந்திருக்கின்றன. பூச்சிகளும் ஓட்டுடலிகளும் தனித்தனியே நிற்பவை அல்ல. ஆறுகாலிகள் ஓட்டுடலிகளுக்குள்ளிருந்து கிளைத்தவை என்பதை மரபணுச் சான்றுகள் தெளிவாகக் காட்டுகின்றன. கடற்குகைகளில் வாழும் ரெமிபீடுகள் என்னும் குருட்டு ஓட்டுடலிகள் அவற்றுக்கு மிக நெருக்கமானவை. இரண்டையும் சேர்த்து இன்று பான்கிரஸ்டேசியா என்கிறார்கள். பட்டாம்பூச்சி, இறால் குடும்பத்தின் நிலவாழ் கிளை என்று சொன்னால் முதலில் சிரிப்பு வரும், பிறகு பழகிவிடும். அதே போல, தனி வரிசையாக இருந்த கரையான்கள் 2007க்குப் பிறகு கரப்பான் வரிசைக்குள் ஒரு குடும்பக் கிளையாக இறங்கிவிட்டன. புற்றிலிருந்து மழைநாளில் கிளம்பும் ஈசலை எறும்பின் உறவு என்று நினைப்பவர்கள் ஏராளம். எறும்பு குளவியின் உறவு, ஈசல் கரப்பானின் உறவு.

கணுக்காலிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் சிறு தொகுதி ஒனிக்கோஃபோரா. மெத்தென்ற தோலும், மூட்டு இல்லாத கட்டைக் கால்களும், இரைமீது பசையைப் பீய்ச்சும் வழக்கமும் கொண்ட புழு வடிவ விலங்குகள். இந்தியாவில் இதற்கு அறியப்பட்ட ஒரே இனம் டைஃப்ளோபெரிபாட்டஸ் வில்லியம்சோனி. அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் 1911–12 பயணத்தின்போது கிடைத்ததை ஸ்டான்லி கெம்ப் 1913இல் விவரித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் கண்ணில் படாமல் இருந்து அண்மையில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது.

இளவுயிரியைப் பாராமல் வகைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கொட்டலசு சரியான எடுத்துக்காட்டு. பாறையிலும் படகின் அடியிலும் கூர்மையான சுண்ணாம்புக் கூடாக ஒட்டிக்கொண்டு காலைக் கிழிக்கும் இந்த உயிரை, ஓட்டைப் பார்த்துச் சிப்பி இனம் என்று கூவியே உட்படப் பலர் எழுதினார்கள். 1830இல் அயர்லாந்தின் கார்க் நகரில் இருந்த ராணுவ மருத்துவர் ஜான் வாகன் தாம்ப்சன் அதன் இளவுயிரியைப் பிடித்து வளர்த்ததை அறிவித்தார். நீந்தித் திரிந்த ஓட்டுடலி இளவுயிரி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறியது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளைக் கொட்டலசுகளுக்கே கொடுத்தார். இதைவிட விபரீதமானது சாக்குலினா. நண்டின் உடலுக்குள் வேர்கள் போலப் பரவி, நண்டின் வயிற்றடியில் ஒரு பையாக மட்டும் வெளியே தெரியும் ஒட்டுண்ணி. காலில்லை, கண்டமில்லை, ஓடில்லை, குடல்கூட இல்லை. அந்தப் பையிலிருந்து வெளிவரும் இளவுயிரியோ மூன்று சோடி உறுப்புகளும் ஒற்றைக் கண்ணும் கொண்ட நாப்ளியஸ், ஓட்டுடலிகளுக்கே உரிய வடிவம். முதிர்ந்த சாக்குலினாவை மட்டும் கையில் கொடுத்தால் எந்தப் பண்புப் பட்டியலை வைத்தும் அதைக் கணுக்காலி என்று சொல்ல முடியாது.

டியூட்டிரோஸ்டோமியாவில் முட்தோலிகளும் அரைநாணிகளும் முதுகுநாணிகளும் வருகின்றன. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைக்கும் கடல் அட்டை பெயரால் அட்டை, உருவால் வெள்ளரிக்காய், உண்மையில் நட்சத்திர மீனின் உறவு. படுத்த நிலையில் வாழ்வதால் அதன் ஐந்தாரச் சமச்சீர் வெளியே எளிதில் தெரியாது. நீளவாக்கில் பிளந்தால் உடற்சுவரின் உட்புறத்தில் ஐந்து தசைப்பட்டைகள் தலைமுதல் வால்வரை ஓடுவதைக் காணலாம். நட்சத்திர மீனில் தகடுகளாக உள்ள சுண்ணாம்புச் சட்டகம் இதில் நுண்ணிய துகள்களாகத் தோலில் சிதறிக் கிடக்கிறது. தோலின் ஒரு துணுக்கைப் பிளீச்சில் போட்டால் சதை கரைந்து துகள்கள் மட்டும் எஞ்சும். நுண்ணோக்கியில் அவை சிறு மேசைகளாகவும் பொத்தான்களாகவும் தெரியும். அவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், உலர்த்திய துண்டைக்கூட எந்த இனம் என்று சொல்ல முடிகிறது. 2001 முதல் இந்தியாவில் கடல் அட்டை பிடிப்பது தடை செய்யப்பட்டிருப்பதால் இது வெறும் ஆய்வக விளையாட்டு அல்ல. பிடிபடும் சரக்கை அடையாளம் காணவும் உதவும் முறை.

அரைநாணிகளில் பலனோகிளாசஸ் பெயரைப் படித்திருப்பீர்கள். அதன் நெருங்கிய இனமான டைகோடெரா ஃபிளாவா பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் மணலில் வாழ்கிறது; விலங்கியல் மாணவர்கள் அந்தத் தீவுக்குக் கூட்டமாகச் சென்ற காலத்தில் அதைக் காண்பது ஒரு சடங்காகவே இருந்தது. செவுள் பிளவுகள் இருப்பதால் முதுகுநாணிகளோடு சேர்த்துப் படித்தோம். ஆனால் அதன் டொர்னேரியா இளவுயிரியை 1850 வாக்கில் முதலில் கண்ட ஜோஹன்னஸ் முல்லர் அதை ஒரு முட்தோலியின் குஞ்சு என்றே கருதினார், அவ்வளவு ஒற்றுமை. பிறகு அது தவறு என்று திருத்தப்பட்டது. இன்றைய மரபணு ஆய்வுகளோ அரைநாணிகளும் முட்தோலிகளும் உடன்பிறப்புகள் என்று சொல்கின்றன. தவறாகச் சொன்ன முல்லரின் கண் சரியானதைத்தான் பார்த்திருக்கிறது.

அடிப்பகுதித் தொகுதிகளை விரைவாகக் கடந்துவிடலாம், ஒன்றிரண்டைத் தவிர. குழியுடலிகளின் ஒரே உறுதியான அடையாளம் கொட்டும் செல். பவளம், கடற்சாமந்தி, கடற்கரையோரத்தில் சொறி என்று அழைக்கப்படும் ஜெல்லிமீன் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மீன்களில் ஒட்டுண்ணியாக வாழும் மிக்சோசோவாக்கள் சில செல்களே உள்ளவை. நெடுங்காலம் புரோட்டோசோவாவில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் வித்துகளில் இருந்த சுருண்ட இழைப் பை கொட்டும் செல்லின் அமைப்பே என்பது மரபணுவாலும் உறுதியாகி, அவை ஜெல்லிமீனின் உறவாகிவிட்டன. அவற்றில் ஹென்னெகுயா என்னும் சால்மன் மீன் ஒட்டுண்ணிக்கு மைட்டோகாண்டிரிய மரபணுத்தொகுதியே இல்லை என்று 2020இல் தெரிந்தது. கடற்பஞ்சுகளைப் பொறுத்தவரை, 1907இல் எச். வி. வில்சன் ஒன்றைப் பட்டுத் துணியில் பிழிந்து செல்களாக உதிர்த்தபோது, அவை மீண்டும் கூடிப் பஞ்சாக வளர்ந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு மரத்தில் முதலில் பிரிந்தவை இந்தப் பஞ்சுகளா, சீப்பு ஜெல்லிகளா என்பது இன்னும் தீராத வழக்கு. 2023இல் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை ஒப்பிட்ட ஆய்வு சீப்பு ஜெல்லிகளின் பக்கம் சாய்ந்தது. எதிர்த்தரப்பு இன்னும் ஓயவில்லை. சீப்பு ஜெல்லிகளுக்கு நரம்பு உண்டு, பஞ்சுக்கு இல்லை என்பதால் விடை எதுவானாலும் நரம்பு மண்டலத்தின் தோற்றம் பற்றிய பாடம் மாறும்.

மரபணு சொன்னால் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். ஸ்வீடன் கடலின் சேற்றில் 1915இல் முதலில் கிடைத்த செனோடர்பெல்லா என்ற எளிய புழுவுக்கு மூளை, செவுள், மலவாய் எதுவும் கிடையாது. 1997இல் அதன் டி.என்.ஏ. சிப்பியினத்தை ஒத்திருந்ததால் அது உருமாறிய மெல்லுடலி என்று அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் உண்மை தெரிந்தது: படித்தது அது தின்றிருந்த சிப்பியின் டி.என்.ஏ. அந்தப் புழுவின் இடம் எது என்பதில் இன்றும் இரு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி அதை மற்ற எல்லா இருபக்கச் சமச்சீர் விலங்குகளுக்கும் முன்னே நிறுத்துகிறது. மற்றது முட்தோலிகளுக்குப் பக்கத்தில் வைக்கிறது.

எத்தனை தொகுதிகள் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு 30 முதல் 35 வரை என்பதே நேர்மையான விடை. எக்கியூரா போன்றவற்றைத் தனியே எண்ணுவோரும் உள்ளே சேர்ப்போரும் இருப்பதால்தான் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. தேர்வில் உடலமைப்பின்படி வகைப்படுத்தச் சொன்னால் உடற்குழி அட்டவணையைத் தயங்காமல் எழுதுங்கள். உருளைப்புழுவுக்குப் பொய் உடற்குழி இருப்பது இன்றும் உண்மை. பரிணாம உறவைக் கேட்டால் மூன்று பெருங்கிளைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றைச் சேருங்கள்: எக்டைசோசோவாவுக்குத் தோலுரித்தல், ஸ்பைரேலியாவுக்குச் சுருள் பிளவும், மயிரிழைப் பட்டையால் நீந்தும் டிரோக்கோஃபோர் என்னும் இளவுயிரியும், டியூட்டிரோஸ்டோமியாவுக்குக் கருத்துளையின் கதியோடு செவுள் பிளவுகளும். வினாத்தாள் இரண்டையும் கலந்து கேட்டால், எந்த அடிப்படையில் விடையளிக்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.